சந்தை ஆடும்போது கணக்கு ஆடக்கூடாது

பங்கு வாங்குவது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தவர்கள், வாங்கி வைத்ததைக் கவனிப்பது எப்படி என்று இப்போது கேட்கிறார்கள். வரவேற்க வேண்டிய மாற்றம். திருவொற்றியூர் முதல் மண்ணடி வரை வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். கம்பெனிப் பெயர்கள் கணக்கை விளக்குவதற்காக மட்டுமே வருகின்றன. வாங்கச் சொல்லியோ விற்கச் சொல்லியோ அல்ல.

இரண்டு புரோக்கர்களிடம் எனக்கு டீமேட் கணக்கு இருக்கிறது. மனைவியை முதல் பெயராக வைத்து வங்கி வழியாகத் தொடங்கிய கூட்டுக் கணக்கு ஒன்றும் உண்டு. மொத்தம் 31 கம்பெனிகள். சந்தை இறங்கும் நாளில் வேலை நேரத்திலும் போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் மொத்தத்தில் லாபமா நட்டமா என்று சொல்லத் தெரியவில்லை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்க வழி என்ன?
– வாசகர், திருவொற்றியூர்

முதலில் உங்களிடம் என்னென்ன இருக்கிறது என்பதை ஆப்பை நம்பாமல் உறுதி செய்யுங்கள். பங்குகள் புரோக்கரிடம் இல்லை. சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல் என்ற டெபாசிட்டரியில், அதாவது பங்குகளை மின்னணு வடிவில் காத்து வைக்கும் நிறுவனத்தில், உங்கள் டீமேட் கணக்கில் இருக்கின்றன. இந்த இரண்டும் சேர்ந்து உங்கள் பான் எண்ணுக்கு ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை ஒன்றை மின்னஞ்சலில் அனுப்புகின்றன. சுருக்கமாக சிஏஎஸ் என்பார்கள். பரிவர்த்தனை இருந்தால் மாதம்தோறும், இல்லாவிட்டால் அரையாண்டுக்கு ஒருமுறை வரும். திறக்க பாஸ்வேர்டு உங்கள் பான் எண்தான், பெரிய எழுத்துகளில். எல்லா டீமேட் கணக்குகளும் மியூச்சுவல் ஃபண்டுகளும் அதில் இருக்கும். கூட்டுக் கணக்கு மட்டும் முதல் பெயருக்கு உரியவரின் பெயரில் தனி அறிக்கையாக வரும். உங்கள் மனைவியின் மின்னஞ்சலில் தேடுங்கள்.

சிஏஎஸ் இன்றைய எண்ணிக்கையையும் மதிப்பையும் சொல்லும். எந்த விலைக்கு வாங்கினீர்கள் என்று பங்குகளுக்குச் சொல்லாது. அதற்கு நீங்களே ஒரு பேரேடு வைக்க வேண்டும். கூகுள் ஷீட்ஸ் போதும். முதல் தாளில் ஒரு பரிவர்த்தனைக்கு ஒரு வரி: தேதி, பங்கு, எந்த டீமேட், வாங்கியதா விற்றதா, எண்ணிக்கை, விலை, கட்டணங்கள், கைமாறிய மொத்தத் தொகை. கடைசியாக ஒரு கட்டம், 'ஏன்'. என்ன காரணத்துக்காக வாங்கினீர்கள் என்பதை வாங்கிய அன்றே ஒரு வரியில் எழுதிவிடுங்கள். விலை பாதியான பிறகு விற்பதா வைத்திருப்பதா என்று திண்டாடும்போது கைகொடுப்பது அந்தக் கட்டம்தான். அது காலியாக இருப்பவர்கள் விலையை மட்டுமே பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

இரண்டாவது தாளில் ஒரு பங்குக்கு ஒரு வரி: இருப்பு, மொத்த அடக்கவிலை, இன்றைய விலை, இன்றைய மதிப்பு, மொத்தப் போர்ட்ஃபோலியோவில் (உங்கள் முதலீடுகள் அனைத்தும் சேர்ந்த தொகுப்பில்) அது எத்தனை சதவீதம். இன்றைய விலை தானாக வர கூகுள்ஃபைனான்ஸ் என்ற ஃபங்ஷன் உண்டு. சமக்குறி போட்டு அதன் பெயர், பிறகு அடைப்புக்குள் இரட்டை மேற்கோளில் என்எஸ்இ, முக்காற்புள்ளி, பங்கின் குறியீடு, எல்லாம் ஆங்கில எழுத்தில், இடையில் இடைவெளி இல்லாமல். விலை 20 நிமிடம் வரை தாமதமாக வரலாம். வாராந்திரக் கணக்குக்கு அது ஒரு குறையே இல்லை.

இது எங்கே சொதப்பும் என்றால், குறியீடு மாறும்போது. 2025-ல் ஸொமேட்டோ, எட்டர்னல் ஆனது. பழைய குறியீட்டை வைத்திருந்த தாள்களில் விலைக்குப் பதில் பிழைச் செய்தி வந்தது. அந்த ஒரு கட்டம் பிழையானால் கீழே உள்ள கூட்டுத்தொகையும் பிழையாகிவிடும். மாதம் ஒருமுறை சிஏஎஸ் வந்ததும் எண்ணிக்கையை மட்டும் வரி வரியாக ஒப்பிடுங்கள். இடித்தால் பெரும்பாலும் போனஸ் (கம்பெனி இலவசமாகத் தரும் கூடுதல் பங்கு), ஸ்ப்ளிட் (ஒரு பங்கைப் பலவாகப் பிரிப்பது), அல்லது நீங்கள் பதிய மறந்த ஒரு பரிவர்த்தனைதான் காரணமாக இருக்கும்.

லாபமா நட்டமா என்பதற்கு ஆப் காட்டும் சதவீதம் சரியான பதில் ஆகாது, அதில் காலம் இல்லை. 2022 ஏப்ரல் 1-ல் 60,000 ரூபாய், 2024 ஏப்ரல் 1-ல் இன்னொரு 60,000 ரூபாய் போட்டீர்கள், 2025 ஏப்ரல் 1-ல் மதிப்பு 1,50,000 என்று வையுங்கள். ஆப் 25 சதவீதம் லாபம் என்று காட்டும். பாதிப் பணம் மூன்று ஆண்டுகள் இருந்தது, மீதி ஓர் ஆண்டுதான் இருந்தது. தேதி வாரியாக ஆண்டு வருமானத்தைக் கணக்கிடும் எக்ஸ்ஐஆர்ஆர் ஃபங்ஷனில் தேதிகளையும் தொகைகளையும் கொடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 11.5 சதவீதம் என்று வரும். போட்ட தொகைகளை மைனஸ் குறியோடும், இன்றைய மதிப்பைக் கடைசி வரியில் பிளஸாகவும் கொடுக்க வேண்டும். குறி மாறினால் பிழைதான் வரும். கைக்கு வந்த டிவிடெண்டையும் (லாப ஈவு) அந்தந்தத் தேதியில் பிளஸாகச் சேர்த்துவிடுங்கள்.

31 கம்பெனி அதிகம். ஒவ்வொன்றின் காலாண்டு முடிவையும் படிக்க நேரம் கிடைக்காது. மொத்தத்தில் 1 சதவீதத்துக்கும் கீழே உள்ளவை இரட்டிப்பானாலும் உங்கள் கணக்கில் பெரிய வித்தியாசம் தெரியாது. இரண்டில் ஒன்று செய்யுங்கள்: நம்பிக்கை இருந்தால் கூட்டுங்கள், இல்லாவிட்டால் வெளியே வாருங்கள். விற்கும்போது எத்தனை பங்கு விற்றாலும் ஒரு கம்பெனிக்கு ஒரு நாளைக்கு ஒரு டிபி கட்டணம் (டீமேட்டிலிருந்து பங்கை எடுப்பதற்கான கட்டணம்) உண்டு. அது 15 ரூபாய் என்று வைத்தாலும் 2,000 ரூபாய்ப் பங்கை விற்கும்போது 0.75 சதவீதம் அதிலேயே போகிறது. அதனால் துண்டு துண்டாக விற்காமல் ஒரே நாளில் முழுவதையும் விற்றுவிடுங்கள்.

போனை எத்தனை தடவை பார்ப்பது? வெள்ளிக்கிழமை மாலை 3.30-க்குச் சந்தை முடிந்த பிறகு ஒருமுறை போதும். இடையில் ஏதாவது நடந்தால் தெரிய வேண்டும் என்றால் விலை எச்சரிக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

ரிலையன்ஸ் பங்கு 20-ஐ 2021 டிசம்பரில் 2,400 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது ஒரு ஆப்பில் சராசரி விலை 1,143 ரூபாய்க்கு மேல் காட்டுகிறது, இன்னொரு ஆப்பில் 1,200 ரூபாய். எது சரி? ஜியோ ஃபைனான்ஷியல் பங்குக்கு அடக்கவிலை பூஜ்யம் என்று வேறு காட்டுகிறது.
– வாசகி, ராயபுரம்

முதல் ஆப் சரி. இரண்டாவது ஆப் போனஸை மட்டும் கணக்கில் எடுத்து, கம்பெனி பிரிந்ததை விட்டுவிட்டது.

உங்கள் மொத்த முதலீடு 48,000 ரூபாய். 2023 ஜூலையில் ஜியோ ஃபைனான்ஷியல் தனியாகப் பிரிந்தபோது ஒன்றுக்கு ஒன்று என்று பங்கு கொடுத்தார்கள். பழைய அடக்கவிலையில் 95.32 சதவீதம் ரிலையன்ஸுக்கும் 4.68 சதவீதம் ஜியோவுக்கும் என்று கம்பெனியே அறிவித்தது. ஆக ரிலையன்ஸின் அடக்கம் 45,753.60 ரூபாய், ஒரு பங்குக்கு 2,287.68. ஜியோவின் அடக்கம் 2,246.40, ஒரு பங்குக்கு 112.32. பூஜ்யம் அல்ல. பூஜ்யம் என்றே விட்டு வைத்தால் ஜியோவை விற்கும் நாளில் இல்லாத லாபத்துக்கு வரி கட்டுவீர்கள்.

அடுத்து 2024 அக்டோபரில் ஒன்றுக்கு ஒன்று போனஸ். 20 பங்கு 40 ஆனது, அடக்கம் அதே 45,753.60. நாற்பதால் வகுத்தால் 1,143.84.

ஆனால் இந்தச் சராசரி உங்கள் பார்வைக்கு மட்டுமே. வருமான வரிக்குச் சராசரி செல்லாது. டீமேட்டில் முதலில் வந்தது முதலில் போனதாகவே கணக்கு. அதுவும் ஒவ்வொரு டீமேட் கணக்குக்கும் தனித்தனியாக. நீங்கள் 20 பங்கை 1,400 ரூபாய்க்கு விற்றால், விற்றது 2021-ல் வாங்கிய பங்குகள்தான், அடக்கம் 2,287.68. ஆக 17,753.60 ரூபாய் நீண்டகால நட்டம். மிச்சம் இருக்கும் 20-ம் போனஸ், அடக்கம் பூஜ்யம். அவற்றை விற்கும்போது 28,000 ரூபாயும் லாபம். இரண்டையும் கூட்டினால் 10,246.40 ரூபாய் லாபம், சராசரியில் போட்டாலும் இதே தொகைதான். வேறுபாடு எந்த ஆண்டில் எது விழுகிறது என்பதில். பிரிந்து வந்த பங்குக்குக் காலம் பழைய தேதியிலிருந்து எண்ணப்படும். போனஸுக்கு ஒதுக்கிய தேதியிலிருந்து. பேரேட்டில் போனஸைத் தனி வரியாக, விலை 0 என்று பதியுங்கள். ஸ்ப்ளிட் என்றால் தனி வரி வேண்டாம். எண்ணிக்கையைப் பெருக்கி விலையை வகுத்தால் போதும், தேதி மாறாது.

பிரிவு நடக்கும் வாரத்தில் திரையைக் கண்டு பதறக்கூடாது என்பதற்கு 2025 அக்டோபர் 14 நல்ல உதாரணம். டாடா மோட்டார்ஸின் வர்த்தக வாகனப் பிரிவு தனியாகப் போனது. முந்தைய நாள் 660 ரூபாய் அளவில் முடிந்த பங்கு அன்று காலை 400 ரூபாயில் தொடங்கியது. ஆப்களில் 40 சதவீத வீழ்ச்சி போலத் தெரிந்தது. புதிய கம்பெனியின் பங்கு சந்தையில் பட்டியலாக நவம்பர் 12 ஆனது. அதுவரை ஒரு மாதம் உங்கள் சொத்தில் ஒரு பகுதிக்கு விலையே தெரியாது. அப்படிப்பட்ட நேரத்தில் ஷீட்டில் ஒரு தற்காலிக வரி போட்டு, பிரிந்த பகுதியின் அடக்கவிலையையே மதிப்பாக எழுதி வையுங்கள். இல்லாவிட்டால் அந்த மாதத்தின் மொத்தக் கணக்கும் பொய் சொல்லும்.

ஒரு புரோக்கரிடமிருந்து இன்னொருவருக்குப் பங்கை மாற்றினாலும் வாங்கிய விலை கூடவே வராது. பழைய கணக்கை மூடுவதற்கு முன் கான்ட்ராக்ட் நோட்டுகள் (வாங்கியதற்கும் விற்றதற்கும் புரோக்கர் தரும் ரசீதுகள்) அனைத்தையும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மணலியில் பங்குச் சந்தையில் பட்டியலான ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறேன். போர்ட்ஃபோலியோ 4.5 லட்சம். அதில் 2 லட்சத்துக்கும் மேல் சென்னை பெட்ரோலியம், மெட்ராஸ் ஃபெர்ட்டிலைசர்ஸ், ஒரு எண்ணெய்க் கம்பெனி, என் கம்பெனி ஆகியவற்றில் இருக்கிறது. தினமும் கண்ணால் பார்க்கிற கம்பெனிகள், அதனால் நம்பிக்கை. இது தவறா?
– வாசகர், மணலி

கண்ணால் பார்ப்பது ஆலையை, லாபத்தை அல்ல. சுத்திகரிப்பு ஆலையில் புகைபோக்கி ஓயாமல் ஓடும், லாபம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு தலைகீழாகும். கச்சா எண்ணெய் வாங்கும் விலைக்கும் பெட்ரோல், டீசல் விற்கும் விலைக்கும் இடையிலுள்ள சுத்திகரிப்பு மார்ஜினை முடிவு செய்வது உலகச் சந்தை. சென்னை பெட்ரோலியம் ஒரு பங்குக்குக் கொடுத்த டிவிடெண்டைப் பாருங்கள்: 2022-23-க்கு 27 ரூபாய், 2023-24-க்கு 55 ரூபாய், 2024-25-க்கு 5 ரூபாய். 55 ரூபாயைப் பார்த்து டிவிடெண்ட் வருமானத்துக்காக வாங்கியவர்களுக்கு அடுத்த ஆண்டே கணக்கு உதைத்தது. யூரியா தயாரிப்பில் விற்பனை விலையை அரசு நிர்ணயிக்கிறது. கம்பெனியின் கைக்கு வருவது மானியத்தையும் எரிவாயு விலையையும் பொறுத்தது.

பெரிய சிக்கல் வேறு. உங்கள் சம்பளம், பங்குகள், ஒருவேளை மணலியிலேயே இருக்கும் வீட்டின் மதிப்பு, மூன்றும் ஒரே தொழிலை நம்பி நிற்கின்றன. அந்தத் தொழிலுக்குக் கெட்ட ஆண்டு வந்தால் ஓவர்டைமும் போனஸும் குறையும் அதே நேரத்தில் பங்கும் இறங்கும். பணம் தேவைப்படும்போது அடிமட்ட விலைக்கு விற்க வேண்டி வரும்.

நாங்கள் சொல்லும் வரம்பு: ஒரு கம்பெனிக்கு 10 சதவீதம், ஒரு துறைக்கு 25 சதவீதம், வேலை பார்க்கும் கம்பெனிக்கு 5 சதவீதம். ஷீட்டின் சதவீதக் கட்டத்துக்கு நிற விதி போட்டு, தாண்டினால் சிவப்பாகும்படி வையுங்கள். லாபத்துக்குப் பச்சை, நட்டத்துக்குச் சிவப்பு என்று ஆப்கள் காட்டுவதைவிட இந்தச் சிவப்பு உங்களுக்கு அதிகம் பயன்படும். (எம்ஆர்எஃப் பங்கு வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: அதன் விலை ஒரு லட்சத்தைத் தாண்டியிருக்கும்போது மூன்று லட்ச ரூபாய்ப் போர்ட்ஃபோலியோவில் ஒரே ஒரு பங்கு மூன்றில் ஒரு பகுதி. அதைக் குறைக்கவும் முடியாது. இருந்தால் முழுதாக, இல்லாவிட்டால் இல்லை.)

குறைப்பதை ஒரே நாளில் செய்ய வேண்டாம். நான்கு மாதத்தில் நான்கு பாகமாக விற்று வேறு துறைகளிலோ இண்டெக்ஸ் ஃபண்டிலோ (சந்தைக் குறியீட்டெண்ணில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்ட்) போடுங்கள். உங்கள் சொந்தக் கம்பெனிப் பங்கை விற்கும்முன் ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: உள்தகவல் தெரிய வாய்ப்புள்ள பணியாளர்களின் பட்டியலில் நீங்கள் இருக்கிறீர்களா? இருந்தால் காலாண்டு முடிந்த நாளிலிருந்து முடிவு வெளியாகி 48 மணி நேரம் வரை வாங்கவோ விற்கவோ கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி இதை விளையாட்டாக எடுத்துக்கொள்வதில்லை.

ரயில்வேயில் ஓய்வு பெற்றவன். பங்குகளில் 12 லட்சம், டெபாசிட்டில் 7 லட்சம், தங்கத்தில் 1 லட்சம். பென்ஷன் போக மாதம் 15,000 ரூபாய் கூடுதலாகத் தேவைப்படுகிறது. சந்தை இப்படி ஆடும்போது எப்போது விற்பது, எப்போது வாங்குவது?
– வாசகர், பெரம்பூர்

சந்தையின் அடுத்த நகர்வை யாராலும் சொல்ல முடியாது ஐயா. ஆனால் எந்த நிலையில் என்ன செய்வது என்று இன்றே எழுதி வைக்க முடியும்.

முதலில் மாதம் 15,000 வீதம் இரண்டு ஆண்டுக்கு 3,60,000 ரூபாயை டெபாசிட்டில் தனியாக ஒதுக்குங்கள். அது சந்தைக்குப் போகக்கூடாத பணம். 2020 ஜனவரியில் 12,400 அளவில் இருந்த நிஃப்டி (50 பெரிய கம்பெனிகளின் பங்கு விலைக் குறியீட்டெண்) மார்ச்சில் 7,511 வரை இறங்கியது. அந்த ஆண்டு நவம்பரிலேயே பழைய உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஆனால் ஏப்ரல் செலவுக்குப் பங்கை விற்றவருக்கு அந்த மீட்சியால் பயன் இல்லை. எல்லா வீழ்ச்சியும் இவ்வளவு சீக்கிரம் மீளும் என்றும் நினைக்க வேண்டாம். அதனால்தான் இரண்டு ஆண்டுப் பணம்.

பிறகு விகிதம். இன்று உங்களுக்கு 60, 35, 5 சதவீதம். பங்கின் பகுதி 55-க்குக் கீழே போனாலோ 65-க்கு மேலே போனாலோ மட்டும் கை வையுங்கள். பங்குகள் 25 சதவீதம் இறங்கினால் 12 லட்சம் 9 லட்சமாகும், மொத்தம் 17 லட்சம், பங்கின் பகுதி 52.9. மீண்டும் 60 ஆக்க 10.2 லட்சம் வேண்டும்; டெபாசிட்டிலிருந்து 1.2 லட்சம் எடுத்து வாங்க வேண்டும். ஒதுக்கியது போக 3.4 லட்சம் இருப்பதால் இடம் இருக்கிறது. மாறாக 30 சதவீதம் ஏறினால் பங்கு 15.6 லட்சம், மொத்தம் 23.6, பகுதி 66.1. அப்போது 1.44 லட்சத்துக்கு விற்று டெபாசிட்டுக்கு மாற்றுங்கள். இறங்கும்போது வாங்குவதும் ஏறும்போது விற்பதும் இந்த முறையில் தானாகவே நடக்கிறது. தைரியம் தேவையில்லை, கால்குலேட்டர் போதும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும்.

உங்கள் வயதுக்கு 60 சதவீதம் அதிகம் என்பது எங்கள் கருத்து. 45 அல்லது 50-க்குக் குறைக்கலாம். ஆனால் விழுந்த சந்தையில் அந்த முடிவை எடுக்காதீர்கள். 65-ஐத் தொடும்போது 60-க்குப் பதில் 50 வரை விற்றுவிடுங்கள்.

ஆட்டத்தின் அளவை அறிய இந்தியா விக்ஸ் என்ற எண்ணைப் பாருங்கள். அது 20 என்றால், அடுத்த ஓராண்டில் நிஃப்டி ஏறவோ இறங்கவோ 20 சதவீதம் இடம் இருப்பதாக ஆப்ஷன் சந்தை நினைக்கிறது. மாதக் கணக்குக்கு 12-ன் வர்க்கமூலமான 3.46-ஆல் வகுத்தால் சுமார் 5.8 சதவீதம். விக்ஸ் 20 இருக்கும்போது மாதத்தில் 5 சதவீத இறக்கம் என்பது விபரீதம் அல்ல, எதிர்பார்த்ததுதான். 2020 மார்ச்சில் அது 80-ஐத் தாண்டியது. திசையை மட்டும் அது சொல்லாது.

ஜிடிடி முறையில் ஸ்டாப் லாஸ் போட்டிருந்தேன். டிரிகர் 475, விலை 470. பங்கு 452-க்குப் போயும் விற்கவில்லை. ஆப் ஏமாற்றுகிறதா? மேலும், எம்டிஎஃப் கடனில் வாங்கினால் இறக்கத்தில் நிறைய வாங்கலாம் என்கிறார்கள்.
– வாசகர், வியாசர்பாடி

ஏமாற்றவில்லை, நீங்கள் சொன்னதைத்தான் செய்தது. ஸ்டாப் லாஸ் என்பது நட்டம் கூடாமல் விற்க முன்கூட்டியே போடும் ஆர்டர்; ஜிடிடி என்றால் அது டிரிகர் விலை வரும் வரை காத்திருந்து கிளம்பும். பங்கு காலையில் நேராக 452-ல் தொடங்கியிருக்கும். 475-ஐத் தாண்டிக் கீழே வந்ததால் ஆர்டர் கிளம்பியது. ஆனால் '470-க்குக் குறைந்து விற்காதே' என்பதும் உங்கள் உத்தரவு. 470 கொடுக்க ஆள் இல்லை, ஆர்டர் அப்படியே நின்றது, மாலையில் காலாவதியானது. டிரிகருக்கும் விலைக்கும் இடைவெளியை 3, 4 சதவீதம் விடுங்கள். அப்போதும் உறுதி கிடையாது. லோயர் சர்க்யூட்டில் (ஒரு நாளில் விலை இறங்க அனுமதித்த எல்லையில்) பூட்டிக்கொண்ட பங்கை எந்த ஆர்டராலும் விற்க முடியாது, எதிரே வாங்குபவர் இல்லை. 2, 5, 10, 20 சதவீதம் என்று பங்குக்குப் பங்கு வரம்பு மாறும்; சிறிய கம்பெனிகளில் தொடர்ந்து பல நாள் இப்படிப் பூட்டும். அப்படிப்பட்ட பங்கில் பாதுகாப்பு ஸ்டாப் லாஸில் இல்லை, குறைவாக வாங்குவதில்தான் இருக்கிறது. போனஸ், ஸ்ப்ளிட் நேரத்தில் ஜிடிடி ரத்தாகியிருக்கலாம், அதையும் பாருங்கள்.

காலை 9.15-லிருந்து முதல் கால் மணி நேரம் விலை நிலைகொள்ளாது. காசிமேட்டு ஏலத்தில் முதல் கூடைக்குப் போன விலையை அன்றைய விலை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், இங்கேயும் அப்படித்தான். அவசரம் இல்லாத ஆர்டரை 9.45-க்குப் பிறகு போடுங்கள், எப்போதும் லிமிட் ஆர்டராக, அதாவது விலையை நீங்களே குறித்து.

எம்டிஎஃப், அதாவது புரோக்கரிடம் கடன் வாங்கிப் பங்கு வாங்குவது, வேண்டாம். உங்கள் 40,000, கடன் 60,000, ஒரு லட்சத்துக்குப் பங்கு வாங்குகிறீர்கள் என்று வையுங்கள். 20 சதவீதம் இறங்கினால் பங்கின் மதிப்பு 80,000, கடன் அப்படியே 60,000. உங்கள் பணத்தில் பாதி காலி. வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்றால் நாளுக்கு சுமார் 25 ரூபாய், சந்தை மூடிய ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து. மார்ஜின் (நீங்கள் வைத்திருக்க வேண்டிய சொந்தப் பணம்) பற்றாக்குறை வந்து நீங்கள் பணம் கட்டாவிட்டால் புரோக்கரே விற்றுவிடுவார், பெரும்பாலும் மோசமான விலையில். 2024 ஜூன் 3 அன்று நிஃப்டி 3 சதவீதத்துக்கு மேல் ஏறி 23,263.90-ல் முடிந்தது. மறுநாள் தேர்தல் முடிவு வந்தபோது 21,884.50, ஒரே நாளில் 5.93 சதவீதம் வீழ்ச்சி. சொந்தப் பணத்தில் வைத்திருந்தவர்கள் அதைக் காத்திருந்து கடக்க முடிந்தது. கடனில் வாங்கியவர்களுக்குக் காத்திருக்கும் உரிமை இல்லை.

விலை பாதியான பங்கில் இன்னும் வாங்கி ஆவரேஜ் செய்யலாமா?
– வாசகி, எண்ணூர்

500 ரூபாயில் 100 பங்கு, 250-ல் இன்னொரு 100 என்றால் சராசரி 375. இப்போதும் 50 சதவீதம் ஏறினால்தான் போட்ட பணம் வரும். சராசரி குறைவது கண்ணுக்கு ஆறுதல். உள்ளே போன பணம் கூடியிருக்கிறது. பேரேட்டில் 'ஏன்' கட்டத்தைப் படியுங்கள். அந்தக் காரணம் இன்னும் உயிரோடு இருந்து, கம்பெனியின் கடன் கூடாமல், வாங்கிய பிறகும் 10 சதவீத வரம்புக்குள் இருந்தால் வாங்கலாம். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் வேண்டாம்.

கடை வைத்திருக்கிறேன். இந்த ஆண்டு சில பங்குகளை ஆறு மாதத்துக்குள் விற்றதில் 80,000 ரூபாய் லாபம். வேறு ஒரு பங்கு 50,000 ரூபாய் நட்டத்தில் கையில் இருக்கிறது. மார்ச்சுக்கு முன் என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், பழைய வண்ணாரப்பேட்டை

2024 ஜூலை 23 முதல் ஓராண்டுக்குள் விற்ற பங்கின் லாபத்துக்கு 20 சதவீதம், அதற்கு மேல் வைத்திருந்ததற்கு ஆண்டில் 1.25 லட்சம் போக மீதிக்கு 12.5 சதவீதம். அந்த வரிக்கு மேல் 4 சதவீதம் செஸ். நட்டப் பங்கை நீங்கள் வாங்கியும் ஓராண்டு ஆகாவிட்டால், விற்றால் 50,000 குறுகியகால நட்டம் 80,000-ல் கழியும். மிச்சமாகும் வரி 10,400 ரூபாய். ஓராண்டைத் தாண்டியிருந்தால் அது நீண்டகால நட்டம், குறுகியகால லாபத்தில் கழிக்க முடியாது. ஆகவே வாங்கிய தேதியைப் பார்த்து, பன்னிரண்டாவது மாதம் முடிவதற்குள் முடிவு செய்யுங்கள். கழிக்க முடியாமல் மீந்த நட்டத்தை எட்டு ஆண்டுகள் சுமந்து செல்லலாம், கெடு தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால் மட்டும். லாபமே இல்லை, எதற்கு ரிட்டர்ன் என்று விட்டவர்கள் அந்த நட்டத்தை இழக்கிறார்கள்.

லாபத்திலும் இதே வேலை உண்டு. நீண்டகால லாபம் 1.25 லட்சம் வரை வரும்படி விற்று, அதே பங்கைத் திரும்ப வாங்கினால் புதிய அடக்கவிலை உயர்ந்துவிடும். எதிர்காலத்தில் செஸ் சேர்த்து 13 சதவீதக் கணக்கில் 16,250 ரூபாய் வரை மிச்சம். 3 லட்ச ரூபாய்ப் பங்குக்கு எஸ்டிடி (பங்குப் பரிவர்த்தனை வரி) விற்க 300, வாங்க 300, முத்திரைக் கட்டணம் 45. புரோக்கர் கட்டணம் தனி. ஓராண்டுக் காலம் மீண்டும் முதலிலிருந்து எண்ணப்படும். ஒன்று மட்டும் கவனம்: விற்ற அன்றே வாங்கினால் இரண்டும் ஒன்றோடொன்று கழிந்து இன்ட்ராடே (ஒரே நாள் வர்த்தகம்) ஆகிவிடும், டீமேட்டிலிருந்து பங்கே வெளியேறாது. இன்று விற்று அடுத்த வேலை நாளில் வாங்குங்கள். மார்ச் கடைசி நாளுக்கு வைக்காமல் ஒரு வாரம் முன்பே முடித்துவிடுங்கள்.

இன்ட்ராடே நட்டம் என்பது ஊக வணிக நட்டம். உங்கள் கடை லாபத்திலும் கழியாது, மேலே சொன்ன 80,000-லும் கழியாது. குறுகியகால, நீண்டகால லாபக் கணக்கில் எஸ்டிடியைச் செலவாகக் காட்ட முடியாது, புரோக்கர் கட்டணத்தைக் காட்டலாம்.

மறைந்த அப்பாவின் பெட்டியில் காகிதப் பங்குச் சான்றிதழ்கள் கிடைத்தன. இதையும் கணக்கில் சேர்க்கலாமா?
– வாசகர், மண்ணடி

சேருங்கள், ஆனால் மதிப்பை இப்போதைக்கு எழுதாதீர்கள். சான்றிதழில் 100 என்று இருந்தாலும் இடைப்பட்ட ஆண்டுகளில் ஸ்ப்ளிட், போனஸ், இணைப்பு எல்லாம் நடந்து இன்றைய எண்ணிக்கை வேறாக இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் பதிவாளர் (பங்குதாரர் பதிவேட்டைப் பராமரிக்கும் நிறுவனம்) யார் என்று பார்த்து, ஃபோலியோ எண்ணைக் குறிப்பிட்டு இன்றைய இருப்பு, வராத டிவிடெண்ட் இரண்டையும் எழுதிக் கேளுங்கள். வாரிசுக்கு மாற்ற ஐஎஸ்ஆர்-5 படிவம். இறப்புச் சான்று, வாரிசு ஆவணங்களோடு உங்கள் பெயரில் டீமேட் கணக்கும் வேண்டும். பங்கு மதிப்பு 4 லட்சத்துக்குள் இருந்து, அது ஒன்றே உங்கள் டீமேட்டாக இருந்தால் அடிப்படைச் சேவைக் கணக்காக வைத்துக்கொள்ளலாம், ஆண்டுக் கட்டணம் கிடையாது.

ஏழு ஆண்டுகள் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்கப்படாமல் இருந்தால் பங்குகளே மத்திய அரசின் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதியத்துக்குப் போயிருக்கும். அதன் இணையதளத்தில் அப்பாவின் பெயரைப் போட்டுத் தேடலாம். போயிருந்தாலும் திரும்பப் பெறலாம்: ஐஇபிஎஃப்-5 படிவத்தை ஆன்லைனில் நிரப்பி, அச்சுப் பிரதியையும் அசல் ஆவணங்களையும் அந்தக் கம்பெனியின் பொறுப்பு அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். சான்றிதழில் ஒரு மாதிரியும் ஆதாரில் வேறு மாதிரியும் இருக்கும் இனிஷியலால்தான் பெரும்பாலான விண்ணப்பங்கள் திரும்பி வருகின்றன. அனுப்புவதற்கு முன்பே அதைச் சரிசெய்யும் உறுதிமொழிப் பத்திரத்தை வாங்கிச் சேர்த்துவிடுங்கள்.